கரும்பலகை மயிலா, மேசைமேல் செம்பா, புள்ளிக் கோலமா?

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஓவியம் சொல்லித்தரும் எங்களில் பலரும் ஒரே வழியில் கற்றவர்கள்தான். ஆசிரியர் கரும்பலகையில் மயில் போடுவார். நாற்பது பிள்ளைகளும் அதே மயிலைப் போடுவோம். யாருடையது அவருடையதைப் போலவே இருக்கிறதோ அந்த நோட்டில் ‘வெரி குட்’ விழும். நான் ஆசிரியரான பிறகு வேறு இரண்டு வழிகளையும் நடத்திப் பார்த்தேன். பொருளை எதிரே வைத்து வரைவது ஒன்று, புள்ளிக் கோலத்திலிருந்து டிசைனுக்குப் போவது இன்னொன்று.

கரும்பலகை முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பீரியடுக்குள் வேலை முடியும், கோடு போடக் கை பழகும். அறிவியல் தேர்வில் இதயத்தை வரைந்து பாகம் குறிக்கும்போது அந்தப் பழக்கம் மார்க்காக வருகிறது. ஓவியம் பொதுத்தேர்வில் இல்லாத பாடம் என்பதால், பெற்றோரிடம் சொல்லிக்காட்ட இது ஒன்றாவது இருக்கிறது. ஆனால் அதே மயிலின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பி வரை என்றால் பென்சில் அப்படியே நின்றுவிடும். பிள்ளை கற்றது மயிலை அல்ல, என் கோட்டை.

இப்போது மேசைமேல் ஒரு பித்தளைச் செம்பை வையுங்கள். ஏழாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் வாயை வளைவாகப் போடுவார்கள், அடியை ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடாக இழுப்பார்கள். செம்பு மேசைமேல் தட்டையாக நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் கை வரைகிறது, கண் பார்த்ததை அல்ல. “கண்ணைச் செம்பின் வாய் மட்டத்துக்குக் கொண்டுவா, அப்புறம் எழுந்து நின்று பார்” என்பேன். உட்கார்ந்தால் வாய் ஒடுங்கிக் கோடாகிறது, நின்றால் விரிகிறது. அடியும் கூடவே வளைகிறது. ஒரு பையன் நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அந்த நேர்கோட்டை ரப்பரால் அழித்தான். என் வேலையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை.

இதிலும் சிரமம் உண்டு. நாற்பது பேருக்கு ஒரு செம்பு போதாது, பின் பெஞ்சுக்குத் தெரியாது. நான்கு இடத்தில் வைக்க வேண்டும். செம்பு இல்லாவிட்டால் செருப்பு, முருங்கைக்காய், மூடி திறந்த டிபன் பாக்ஸ் என்று எதுவும் சரி. முதல் மாதம் நோட்டுகள் அசிங்கமாகத்தான் இருக்கும், “எனக்கு வராது சார்” என்ற குரலும் ஓயாது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்டோடு (கருவியில்லாமல் கையால் வரைவது) மாடல் டிராயிங்கும் (பொருளைப் பார்த்து வரைவது) சேர்ந்தே இருப்பது காரணமில்லாமல் இல்லை.

வடிவமைப்புக்கு வந்தால் என் ஓட்டு கோலத்துக்குத்தான். நடுவில் 7 புள்ளி, இருபுறமும் ஊடுபுள்ளியாக (முந்தைய வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் ஒவ்வொன்றாக) 4 வரை. இதைக் கட்டம்போட்ட நோட்டில் வைத்தாலே அறுகோணம் கிடைத்துவிடும். சமச்சீர், திரும்பத் திரும்ப வரும் உரு, கோட்டுக்கு வெளியே மிஞ்சும் வெற்றிடம் எல்லாம் பாடம் நடத்தாமலே கைக்கு வருகின்றன. மதுரைச் சுங்குடிச் சேலையில் துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும்போது விழும் புள்ளிகளைக் காட்டினால், வாசலில் அம்மா வைக்கும் புள்ளியும் அதுவும் சொந்தம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பையன்கள் முதலில் “அது பொம்பளைங்க வேலை” என்று ஒதுங்குவார்கள். சிக்குக் கோலத்தில் கையெடுக்காமல் ஒரே இழையில் முடிக்க முடியுமா என்று கேளுங்கள், விடமாட்டார்கள். குறை என்றால், கோலம் தட்டை. ஒளி, நிழல், கனம் அதில் வராது.

2012இல் தமிழ்நாட்டில் பகுதிநேரமாக நியமிக்கப்பட்ட 16,549 சிறப்பாசிரியர்களில் ஓவியம் நடத்துகிறவர்களுக்கு வாரம் மூன்று அரை நாள்தான். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நடத்த முடியாது. நானாக இருந்தால் வகுப்பில் செம்பு, வீட்டுக்குக் கோலம் என்று பிரிப்பேன். பென்சில் பிடிக்கும் விதத்தைக் காட்ட மட்டும் கரும்பலகைக்குப் போவேன், காட்டியதும் அழித்துவிடுவேன்.