பூர்வீகம் தேடித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் இன்று மூதாதையரின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். அந்த ஏக்கத்தை வைத்துப் பிழைக்கும் கூட்டம் ஒன்றும் உருவாகியிருக்கிறது. டர்பனில் வாழும் ஒரு குடும்பம் ஒன்றே கால் லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய 'வம்சாவளி அறிக்கை'யைச் சரிபார்க்கச் சொல்லி எங்களிடம் அனுப்பியது. வழவழப்பான தாளில் அச்சிட்டு, தோல் அட்டை போட்டிருந்தார்கள். உள்ளே இருந்ததில் பாதி வேறு யாரோ ஒருவருடைய வாழ்க்கை, மீதி ஜோடனை. குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கி, எங்கெங்கே ஏமாற்றினார்கள் என்பதை எழுதுகிறோம். தேடிக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இங்கே இல்லை. இதே வேலையை இதே முறையில் செய்பவர்கள் பலர் இருப்பதால், முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதல் கோளாறு கப்பல் பட்டியலில். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், அங்க அடையாளம் ஆகியவை வரிசையாக இருக்கும். அறிக்கையில் காட்டியிருந்த 'முனுசாமி, தந்தை வீராசாமி' என்ற வரி உண்மையான பட்டியலிலிருந்து எடுத்ததுதான். ஆனால் அந்த முனுசாமிதான் இந்தக் குடும்பத்தின் முனுசாமி என்பதற்கு ஆதாரமாகப் பெயர் ஒற்றுமையைத் தவிர எதுவும் இல்லை. வட ஆற்காட்டிலிருந்து போன முனுசாமிகளும் வீராசாமி மகன்களும் ஏராளம். பெயரை ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் மூன்சாமி, முனிசாமி, முன்சாமி என்று ஒரே பெயர் பல வடிவங்களில் கிடக்கும். இரண்டு வெவ்வேறு பெயர்கள் ஒரே வடிவத்தில் விழுவதும் உண்டு.

ஆகவே தேடல் கப்பலில் தொடங்கக் கூடாது, வீட்டில் தொடங்க வேண்டும். தாத்தாவின் திருமணப் பதிவு, மரண அறிவிப்பு, ஒப்பந்தம் முடிந்து கொடுத்த விடுவிப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று நேட்டாலிலேயே உருவான காகிதங்களில் காலனி எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பட்டியலுக்குப் போனால் ஆள் மாறாது. எண் கிடைக்காதபோது வயது, கூட வந்த மனைவி அல்லது சகோதரனின் பெயர், வேலை பார்த்த தோட்டம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். இந்தக் குடும்பத்தாரிடம் காலனி எண் எழுதிய மரண அறிவிப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. தேடிக் கொடுத்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை. எண்ணைப் பார்த்தோம்; ஆளே வேறு. இன்னொரு எளிய சோதனையும் சொல்லிவிடுகிறோம்: 1866-ல் நிறுத்தப்பட்ட ஆள் அனுப்புதல் 1874-ல்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டு ஒன்றில் உங்கள் மூதாதை ஒப்பந்தக் கூலியாக நேட்டாலில் இறங்கினார் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது, அறிக்கையின் மகுடமாக வைத்திருந்த '1884-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம்'. முத்திரைத்தாள் பழையது, மை பழையது, மடிப்புகளும் பழையவை. தாளில் இருந்த தலை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடையது. அவர் பட்டத்துக்கு வந்ததே 1910-ல். 1884-ல் விக்டோரியாவின் ஆட்சி. பத்திரத்தின் முதல் வரியில் 'தாது வருஷம்' என்று இருந்தது. தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பஞ்சத்தால் பெயர் பெற்ற தாது 1876-ல் தொடங்கியது, அடுத்த தாது 1936-ல். 1884 என்றால் தாரண வருஷமாக இருந்திருக்க வேண்டும். மன்னர் தலையும் வருடப் பெயரும் சேர்ந்து 1936-ஐத்தான் காட்டுகின்றன. யாரோ ஒருவருடைய உண்மையான 1936 பத்திரத்தை வாங்கி, ஆங்கில ஆண்டை மட்டும் சுரண்டி மாற்றியிருக்கிறார்கள். தாளை மேசைமேல் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால் சுரண்டிய இடத்தில் நார் எழும்பி நிற்பது தெரியும். புதிய மை அங்கே கசிந்து பரவியிருக்கும். பதிவான பத்திரம் என்றால் பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தின் குறிப்பு இருக்கும்: ஆவண எண், ஆண்டு, புத்தகம், தொகுதி, பக்கம். அந்த எண்ணைச் சொல்லிச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். இங்கே பின்பக்கத்தைப் படமெடுக்காமலே விட்டிருந்தார்கள்.

நிலவரிப் பதிவேட்டின் கையெழுத்து நகல் என்று ஒன்று. அதில் 'வேலூர் மாவட்டம்' என்று தலைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வட ஆற்காடு ஜில்லா. வேலூர் என்ற மாவட்டப் பெயர் 1990-களில் வந்தது. எல்லைகளும் இப்படியே ஏமாற்றும். இராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910-ல், சித்தூர் 1911-ல். அதற்கு முந்தைய ஆவணம் என்று காட்டும் தாளில் இவை மாவட்டப் பெயராக இருந்தால் அது பிற்காலத்தில் எழுதியது. அதைவிடக் கண்ணுக்குப் பட்டது எழுத்து. 'னை', 'ணா', 'லை' எல்லாம் நாம் இன்று எழுதும் வடிவில் இருந்தன. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை 'ணை, லை, ளை, னை' ஆகியவற்றுக்கு முன்னால் துதிக்கை போல மேலே வளையும் கொம்பும், 'ணா, றா, னா'வுக்குக் கீழே சுழியும் ஒட்டெழுத்தும்தான் வழக்கம். பழைய கையெழுத்தில் புள்ளிகூடப் பல இடங்களில் இருக்காது. போலி செய்பவர்கள் தேநீரில் தாளை நனைத்துப் பழுப்பாக்குகிறார்களே தவிர, எழுத்தைக் கவனிப்பதில்லை. நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1294 என்றால் 1884 ஜூலை முதல் 1885 ஜூன் வரை.

இந்த நகலில் முனுசாமிக்கு ஒன்பது ஏக்கர் நஞ்சை என்று எழுதியிருந்தது. குடும்பத்துக்கு அது எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் கப்பலேறியவர்களில் மிகப் பலர் நிலமற்றவர்கள். வரிப் பதிவேட்டில் வருவது பட்டாதாரரின் பெயர். உழுதவர், கூலிக்குப் போனவர் பெயர் அதில் இருக்காது. ஆகவே மூதாதையின் பெயர் நில ஆவணத்தில் கிடைக்கவில்லை என்பது தோல்வி ஆகாது, பெரும்பாலும் அதுவே எதிர்பார்க்க வேண்டியது. நேர்மையான தேடுநர் இதை முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஊர் விஷயத்திலும் கவனம் வேண்டும். பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்தது. புதூர், வேப்பம்பட்டு போன்ற பெயர்கள் ஒரே ஜில்லாவில்கூட ஒன்றுக்கு மேல் உண்டு. தாலுகாவோடு சேர்த்து, அந்தக் காலத்துத் தாலுகா எல்லையில் வைத்துப் பார்க்காமல் ஊரை முடிவு செய்யக் கூடாது. இவர்கள் சென்னையிலிருந்து காரில் போய்வர வசதியான ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்த ஊரில் 'உறவினர்' என்று ஒரு குடும்பத்தையும் நிறுத்தினார்கள். மாலை, ஆரத்தி, கண்ணீர், பிறகு கோயில் திருப்பணிக்கு நன்கொடை. குலதெய்வம் இன்னது என்றும் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் இருந்த சாதியைப் பார்த்து, அந்த ஊரில் அந்தச் சாதியார் கும்பிடும் சாமியை ஒட்டவைத்ததைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை. உறவு என்று யாரையாவது காட்டினால், உங்களிடம் இருக்கும் பெயர்களை முதலில் சொல்லாதீர்கள். அவர்கள் வீட்டு மூத்தவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, கடல் கடந்து போனவர் யார், அண்ணனா தம்பியா, கூடப் போனது யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். முன்கூட்டியே தரகரிடம் எல்லா விவரத்தையும் கொடுத்திருந்தால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லாமல் போய்விடும். இரண்டு மூன்று பெயர்களையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மரபணுச் சோதனை உதவும், ஆனால் யாருக்கு எடுக்கிறோம் என்பதில்தான் பலன். எள்ளுத் தாத்தா பாட்டி (தாத்தாவின் தாத்தா பாட்டி) பொதுவாக இருக்கும் இருவரில் பத்துக்கு ஒன்பது இணைகளில் பொருத்தம் தெரியும். அதற்கும் ஒரு தலைமுறை மேலே போனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் தெரியும். கப்பலேறியவரின் பேரன் பேத்தி யாராவது உயிரோடு இருந்தால் அவருக்கே எடுங்கள். ஊரிலும் மிக மூத்தவருக்கே எடுங்கள். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் தலைமுறைகளாக நடந்த சமூகங்களில் உறவில்லாத இருவருக்குக்கூடச் சிறு சிறு மரபணுத் துண்டுகள் நிறையப் பொருந்தி, கூட்டுத்தொகை பெரிதாகக் காட்டும். மொத்தத்தைப் பார்க்காமல் மிக நீளமான துண்டைப் பாருங்கள். அதே ஊரில், அதே சமூகத்தில், உறவு என்று சொல்லாத ஒருவருக்கும் எடுத்து ஒப்பிட்டால் உண்மை இன்னும் தெளிவாகும்.

மனத்தை மிகவும் வருத்தியது ஒரு பித்தளைச் சொம்பு. தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அதன் கழுத்தில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. 'படிக்க வேண்டும்' என்று வாங்கிப்போனவர்கள், இயந்திரத்தில் பாலிஷ் போட்டுப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். எழுத்தில் பாதி போய்விட்டது. இதற்கு இழப்பீடே கிடையாது. குடும்பத்தாரின் கைப்பேசியில் இருந்த பழைய படத்திலிருந்துதான் மீதியைப் படிக்க முடிந்தது. அதையும் தேடுநர்கள் தவறாகப் புரிந்திருந்தார்கள்: சீர்ப் பாத்திரத்தில் பெரும்பாலும் பெண் வீட்டாரின் பெயரோ முதலெழுத்தோ இருக்கும். அதை ஆண் வழித் தாத்தாவின் பெயராக எழுதிவிட்டார்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தைப் புளி போட்டுக்கூடத் தேய்க்காதீர்கள். இருட்டறையில் ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழவைத்து, சொம்பைச் சுற்றிச் சுற்றிப் படமெடுங்கள். மெல்லிய தாளை மேலே போர்த்தி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் புள்ளிகள் தாளில் விழும். காகிதங்களை லேமினேட் செய்யக் கொடுக்கவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. செலோடேப்பும் அப்படியே. மூலப் பொருளை யாருக்கும் கையில் கொடுக்காதீர்கள், படத்தை அனுப்புங்கள்.

பணம் பற்றி. 'கண்டுபிடித்தால் மட்டும் மீதிப் பணம்' என்ற ஏற்பாடு வாடிக்கையாளருக்குச் சாதகம் போலத் தெரியும். உண்மையில் அதுதான் போலிக்கு வழிவிடுகிறது. கிடைக்கவில்லை என்று சொன்னால் பணம் இல்லை என்றால், இல்லாததை உண்டாக்கவே தோன்றும். தேடும் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் கூலி பேசுங்கள், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் எந்த ஆவணக் காப்பகம், எந்த வரிசை, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்ற குறிப்பும், வெட்டாத முழுப் பக்கத்தின் படமும், தொகுதியின் மேலட்டைப் படமும் வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். எங்கெல்லாம் தேடிக் கிடைக்கவில்லை என்ற பட்டியலும் அறிக்கையில் இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கையை நாங்கள் நம்புவதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்தே மூலத்தை எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஒன்று அது பொய், இல்லையென்றால் திருட்டு.

மொரிஷியஸ் குடும்பங்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி (ஆள் சேர்த்து அழைத்துப் போகும் மேஸ்திரி) வழியே போனவர்களுக்கு நேட்டால் போல ஆளுக்கு ஒரு வரி என்ற பட்டியலை எதிர்பார்க்க முடியாது. அப்படி ஒன்றை அச்சடித்துக் கொடுத்தால் மூலம் எங்கே என்று கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றம், அறிக்கையின் கோப்பு எதையும் அழிக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இந்தியாவுக்குள் 1915 என்ற உதவி எண்ணில் வழி கேட்கலாம். ஆண்டைச் சுரண்டி மாற்றிய பத்திரம் போன்றவை கையில் இருந்தால் அது சேவைக் குறைபாட்டோடு முடிவதல்ல. காவல் நிலையத்தில் மோசடி, போலி ஆவணம் என்று தனியாகப் புகார் கொடுங்கள். அந்தத் தாளைப் புகாரோடு ஒப்படைக்கும் முன் இரு பக்கமும், பக்கவாட்டு வெளிச்சத்திலும், தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.