ஹன்டரா, ஜென்டியா: 2024 ஹைஸ்மன் கோப்பைக்கு உரியவர் யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் தலைசிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பையை 2024-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டிராவிஸ் ஹன்டர் வாங்கினார். பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்டிக்கு இரண்டாமிடம். ஹன்டருக்கு 2,231 புள்ளிகள், ஜென்டிக்கு 2,017. வித்தியாசம் வெறும் 214. 2009-இல் மார்க் இங்க்ரம் 28 புள்ளிகளில் தப்பிப் பிழைத்த பிறகு இவ்வளவு நெருக்கமான போட்டி வந்ததில்லை. கோப்பை கைமாறி நாளாகியும் வழக்கு தீரவில்லை.

இந்த விருதுக்கு வாக்களிப்பவர்கள் 870 பத்திரிகையாளர்களும், முன்பு இதே கோப்பையை வாங்கியவர்களும். மீதமுள்ள பொதுமக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒற்றை ஓட்டில் எனக்குக் கிடைத்த கடுகளவுப் பங்கை ஹன்டருக்குத்தான் போட்டேன். இன்று கேட்டாலும் அவருக்கே போடுவேன். ஆகவே இங்கே தராசு முள் நேராக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஜென்டியைப் பார்த்துவிடலாம். அவர் ரன்னிங் பேக். பந்தை வாங்கிக்கொண்டு மனிதச் சுவருக்குள் புகுந்து ஓடுவது வேலை. வாக்கெடுப்பு நடந்தபோது 13 ஆட்டங்களில் 344 முறை ஓடி 2,497 யார்டு எடுத்திருந்தார், 29 டச்டவுன்கள் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது). ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 7.3 யார்டு. ஐந்து யார்டு சராசரி வைத்திருந்தாலே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிவிடலாம். பருவம் முடியும்போது அவர் கணக்கு 2,601. ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் 1988-இல் எடுத்த 2,628 என்ற சாதனைக்கு 27 யார்டு குறைவு. சாண்டர்ஸுக்கு அதற்கு 11 ஆட்டங்களே போதுமாயிருந்தன என்பதும், பருவ இறுதி பவுல் ஆட்டத்தை அன்று கணக்கில் சேர்க்கவில்லை என்பதும் வேறு கதை.

எண்களை விடுங்கள், அவர் நிற்பதைப் பாருங்கள். பந்து கிளம்பும் முன் மற்ற ரன்னிங் பேக்குகள் தொடையில் கையூன்றிக் குனிந்திருப்பார்கள். ஜென்டி நிமிர்ந்து, இரு கைகளையும் தளர்வாகத் தொங்கவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். பந்து கைக்கு வந்ததும் அந்த உடம்பு கீழே இறங்கி, உருண்டு திரண்டு, வேறு ஆளாகிவிடும். இடுப்பைப் பிடித்தால் பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். தடுப்பாட்டக்காரர் தொட்ட பிறகு அவர் எடுத்த யார்டுகளை மட்டும் கூட்டினாலே, அந்தப் பருவத்தில் நாட்டின் வேறெந்த ரன்னிங் பேக்கின் மொத்தக் கணக்கையும் அது தாண்டிவிடும். பந்து அவரிடம்தான் வரப்போகிறது என்று அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்குக்கூடத் தெரிந்திருந்த நிலையில் எடுத்தவை அவை.

அவர் சந்தித்த அணிகள் சோப்ளாங்கிகள் என்று ஒரு குறை சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் அந்த ஆண்டு வாக்கெடுப்பு வரை ஒரு தோல்வியும் இல்லாமல் முதலிடத்தில் இருந்த ஓரிகனை அதன் சொந்த மைதானத்திலேயே சந்தித்து 192 யார்டும் மூன்று டச்டவுன்களும் எடுத்தவரிடம் இந்தக் குறை செல்லுபடியாகாது. 37-34 என்று கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுத்த ஒரு ஃபீல்டு கோலில்தான் ஓரிகன் தப்பித்தது.

அவருக்கு எதிராக இருந்தது வரலாறு. பெரிய கூட்டமைப்புகளுக்கு வெளியே இருக்கும் ஓர் அணியிலிருந்து ஹைஸ்மன் வாங்கியவர் என்று தேடினால் 1990-இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் டை டெட்மர் வரை பின்னோக்கிப் போக வேண்டும். ரன்னிங் பேக் ஒருவர் வாங்கியதும் 2015-இல் அலபாமாவின் டெரிக் ஹென்றியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, வீசும் பந்தைப் பிடிக்கும் ஒரே ஒரு ரிசீவரைத் தவிர, எல்லாம் அந்தப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளின் ராஜ்ஜியம். போதாக்குறைக்கு, பாய்சியின் நீல நிறத் தரையில் நடக்கும் ஆட்டங்கள் கிழக்குக் கரையில் பலர் படுக்கப்போன பிறகுதான் சூடு பிடிக்கும். இத்தனையையும் மீறி 309 பேர் அவருக்கு முதலிடம் கொடுத்தார்கள் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

அப்படியிருந்தும் ஏன் ஹன்டர்?

அவருடைய எண்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைடு ரிசீவராக 92 பந்துகளைப் பிடித்து 1,152 யார்டு, 14 டச்டவுன்கள். எதிரணி ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக்காக நான்கு பந்துகளைப் பறித்து, 11 பாஸ்களைத் தட்டிவிட்டார். தலைசிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதையும் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னரிக் விருதையும் ஒரே ஆண்டில் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனால் இவற்றை வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. ரிசீவர் கணக்கை மட்டும் எடுத்தால், ஜென்டி தன் வேலையில் எட்டிய உயரத்தை ஹன்டர் இதில் எட்டவில்லை. கார்னர்பேக் கணக்கும் அப்படியே. எனக்கு முடிவைச் சொன்னது அவருடைய மூச்சு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, இரண்டு பக்கமும் ஆடுவதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அங்கே மட்டை பிடித்த பதினோரு பேரும் களத்தடுப்புக்கு வந்தே ஆக வேண்டும். இங்கே தாக்க ஒரு பதினோரு பேர், தடுக்க வேறு பதினோரு பேர். ஒரு தரப்பு உள்ளே போனால் மறு தரப்பு பெஞ்சுக்கு வந்துவிடும். ஆரம்பத்திலிருந்தே அப்படி இருக்கவில்லை. ஆள் மாற்றும் விதிகள் இறுக்கமாக இருந்த காலத்தில் இருந்த ஆட்களே இரண்டையும் ஆடினார்கள். 1960-களின் நடுவில் விதி தளர்ந்ததும் பயிற்சியாளர்கள் இரு படைகளாகப் பிரித்துவிட்டார்கள்; பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சக் பெட்னரிக்கே தொழில்முறை ஆட்டத்தில் இரு பக்கமும் முழுநேரம் ஆடிய கடைசித் தலைமுறைக்காரர். அவர் பெயரில் உள்ள விருது ஹன்டருக்கு வந்தது நல்ல பொருத்தம்.

பந்து கிளம்பியதிலிருந்து ஆள் விழுந்து விசில் ஊதும் வரை ஒரு பிளே. ஒரு பக்கம் மட்டும் ஆடும் முழுநேர வீரருக்கு ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது பிளேக்கள் வந்தால் அதுவே முழு நாள் வேலை. ஹன்டர் 12 ஆட்டங்களில் 1,300-க்கும் மேற்பட்ட பிளேக்களில் நின்றார். சராசரி நூற்றைத் தாண்டுகிறது. காயத்தால் பாதியில் வெளியேறிய ஆட்டங்களையும் உள்ளடக்கிய சராசரி இது.

எண்ணிக்கையைவிட, எந்த இரண்டு இடங்கள் என்று பாருங்கள். மூன்றடி நகர்ந்து முட்டி மோதும் இடங்கள் இல்லை இவை. ரிசீவர் ஒவ்வொரு பிளேயிலும் முப்பது, நாற்பது யார்டு முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்தும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் இவரைக் காவல் காப்பவர் இன்னொருவருக்கு உதவியாகப் போய்விடுவார். கார்னர்பேக்கின் பாடு இன்னும் மோசம். எதிராளி எங்கே திரும்புவார் என்று தெரியாமல், பின்னோக்கியே ஓடத் தொடங்கி, இடுப்பைத் திருப்பி, அவரைத் துரத்த வேண்டும். மற்றவர்கள் ஒரு தாக்குதல் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள், 2024-இல் அனுமதிக்கப்பட்ட டேப்லெட்டில் சற்று முன் நடந்ததைப் பார்க்கிறார்கள், பயிற்சியாளரிடம் திட்டு வாங்குகிறார்கள். ஹன்டருக்குத் திட்டு வாங்கக்கூட நேரமில்லை. இத்தனைக்கும் கொலராடோவின் சொந்த மைதானம் இருக்கும் போல்டர் நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே. வந்து ஆடும் அணிகள் அங்கே ஒரு பக்கம் ஆடியே மூச்சு வாங்கும்.

செப்டம்பரில் பெய்லர் பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டம் அங்கேதான் நடந்தது. கடைசி நொடியில் கொலராடோ ஒரு நெடும்பாஸில் சமன் செய்து கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் முதலில் டச்டவுன் போட்டு முன்னிலையும் எடுத்தது. பெய்லரின் ஓட்டக்காரர் கோட்டைத் தொட இன்னும் ஓரடி, ஈரடி. எல்லார் கால்களும் கனத்துப்போயிருந்த அந்த நேரத்தில் ஹன்டர் குறுக்கே பாய்ந்து மோத, பந்து கையைவிட்டு நழுவி எல்லைக்கு வெளியே போய், ஆட்டம் 38-31 என்று முடிந்தது. அன்று முழுக்க ரிசீவராகவும் ஓடிய கால்கள் அவை. நவம்பர் கடைசியில் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிராகப் பத்து பந்துகள் பிடித்து, மூன்று டச்டவுன்கள் போட்டு, ஒரு பந்தையும் பறித்தார், 52-0. பருவத்தின் பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஒருவர் இப்படி ஆடுகிறார் என்றால் அதை எந்த அட்டவணையில் எழுதுவது?

ஜென்டி உழைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆட்டத்துக்கு 26 முறை மேலே ஆட்கள் வந்து விழுவதைத் தாங்குவது வேறு வகை வேதனை. ஹன்டர் அதைத் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் ஜென்டிக்குப் பெஞ்ச் இருந்தது. ஸ்கோர் எக்கச்சக்கமாகப் போன சில ஆட்டங்களில் பாதியிலேயே அவரை உட்கார வைத்தார்கள். அது அவர் சாதனையைக் குறைத்தது என்பது ஜென்டி தரப்பின் வாதம். அவர் உடம்பைக் காத்தது என்பது என் வாதம்.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. கார்னர்பேக்கின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து எடைபோடுவது ஏறக்குறைய முடியாத காரியம். கேமரா பந்தின் பின்னால் போகிறது. ஹன்டர் நிற்கும் பக்கம் வீசவே குவார்ட்டர்பேக் பயப்படும்போது, அவர் திரையிலேயே இருப்பதில்லை. பிரமாதமாகக் காத்தாரா, வேறு காரணத்தால் பந்து வரவில்லையா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் விவரமறிந்தவர்களின் தீர்ப்பை நம்பித்தான் பேசுகிறேன். தவிர, கார்னர்பேக் எவ்வளவு நல்லவரானாலும் நடுவே புகுந்து ஓடுவதைத் தடுக்க அவரால் ஆகாது. கான்சஸ் அப்படித்தான் ஓடி ஓடியே 37-21 என்று கொலராடோவை வீழ்த்தியது. அக்டோபரில் கான்சஸ் ஸ்டேட், அரிசோனா ஆட்டங்களில் தோள் காயம் ஹன்டரைப் பாதியில் வெளியே அனுப்பியது. இரண்டு வேலையைத் தூக்கும் உடம்பு இரண்டு மடங்கு உடையும் என்றால், அதுவும் என் கணக்கில் வர வேண்டிய செலவுதான். ஹன்டரின் பயிற்சியாளரும் முன்னாள் நட்சத்திர வீரருமான டியான் சாண்டர்ஸ் இருக்கும் இடத்தில் கேமராக்கள் தாமாகவே வந்து நிற்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

வாக்கெடுப்புக்குப் பின் நடந்தவற்றை யாரும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். ஃபியஸ்டா பவுலில் பென் ஸ்டேட் ஜென்டியை 30 ஓட்டங்களில் 104 யார்டுக்குக் கட்டிப்போட்டது. அலமோ பவுலில் ஹன்டரின் அணி பிரிகம் யங்கிடம் 36-14 என்று உதை வாங்கியது. இருவருக்கும் சரியாகப் போயிற்று. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது ஹன்டரை இரண்டாவதாகவும் ஜென்டியை ஆறாவதாகவும் எடுத்ததும் இந்தக் கோப்பைக்குச் சம்பந்தமில்லாதது.

வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள் எழுதலாம். முதல் பெயருக்கு மூன்று புள்ளிகள், அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. என்னிடம் ஒரு முழுச் சீட்டைக் கொடுத்திருந்தால் ஹன்டர், ஜென்டி என்று எழுதிவிட்டு மூன்றாவதில்தான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்திருப்பேன். உண்மையில் மூன்றாமிடம் ஓரிகனின் டில்லன் கேப்ரியலுக்கும், நான்காவது மியாமியின் கேம் வார்டுக்கும் போனது. இரண்டும் குவார்ட்டர்பேக் பெயர்கள், இரண்டும் தப்பில்லை. நான் ஐந்தாவதாக வந்த அரிசோனா ஸ்டேட்டின் கேம் ஸ்கேட்டிபோவை எழுதியிருப்பேன்.