"சத்து மாத்திரைதானே!"

லண்டனிலிருந்து வந்து கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் பெட்டியை இறக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா ரசம் சாதத்தைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "வாய்ப்புண்டா தம்பி, உடம்பு சூடு. பத்து நாளாச்சு." மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலுமாக வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நாக்கோரத்திலும் கீழுதட்டின் உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாக நான்கு புண்கள்.

சின்ன வயதில் எனக்கும் அதே கீரைதான். ஆனால் அம்மா முடக்குவாதத்துக்கு ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் எடுப்பவர். வாய்ப்புண் அந்த மருந்துக்குப் பேர்போன பக்கவிளைவு. உடம்பில் ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையை அது மறிக்கிறது. வேகமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வாயின் உள்தோல் சீக்கிரம் அடிவாங்கும். அதற்காகத்தான் அதே வைட்டமினின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராமைச் செவ்வாய்தோறும் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர்.

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பழுப்புக் கவருக்குள் கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டு. மருந்தின் பெயர் பாதியோடு நின்றிருந்தது, காலாவதித் தேதி இருந்த ஓரத்தைக் காணோம். கவர்மேல் எந்தக் கிழமை என்று ஒரு எழுத்து இல்லை. ஃபோலிக் அமிலமும் இல்லை.

"ஸ்டாக் இல்லையாம்டா. சத்து மாத்திரைதானே, வாழைப்பழம் சாப்பிடுங்கன்னு சொன்னாங்க."

ஆறு வாரமாக ஃபோலிக் அமிலமே போடவில்லை! கடைக்கே போய்க் கேட்டேன். "அது வெறும் வைட்டமின் சார்" என்று என்னிடமும் அதையே சொன்னார்கள். சில ரூபாய் மாத்திரை அது. அது இல்லாமல் ஒரு வயதான அம்மா பத்து நாள் பட்டினி கிடந்திருக்கிறார். லண்டனில் என்னோடு வேலை பார்ப்பவரும் இதே மருந்துதான் எடுக்கிறார். எந்தக் கிழமை போட வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர் பர்சில் இருக்கும். இங்கே அந்தக் கிழமை அம்மாவின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்தான மருந்தை இப்படியா கொடுப்பது?

சாயங்காலமே டாக்டரைப் பார்த்தோம். வாயைப் பார்த்ததுமே, "இந்த ஞாயிறு மாத்திரை வேண்டாம், ரத்த அணு, கல்லீரல், கிட்னிக்குக் கிரியாட்டினின் மூணும் பார்த்துடலாம்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான். மதியம் வாட்ஸப்பில் ரிப்போர்ட். எல்லாம் சரியாக இருந்தது. லண்டனில் இதற்கு நாள் வாங்கிக் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன மருந்துக் கடை. சீட்டைப் பார்த்ததும் அங்கிருந்த பெண் அலமாரிப் பக்கம் போகவில்லை. "அம்மாவுக்கா? வாரத்துக்கு ஒரு தடவைதானே, எந்தக் கிழமை?" என்று கேட்டாள். நிறுத்தி வைத்திருப்பதைச் சொன்னேன். "அப்ப டாக்டர் சொன்ன பிறகு வந்து வாங்கிக்குங்க" என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்து, கவர்மேல் சிவப்புப் பேனாவால் 'செவ்வாய்' என்று பெரிதாக எழுதினாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரண்டாவது வாரம் அம்மா ரசம் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அதே கடையில் ஃபோலிக் அமிலம் முழு அட்டையாகவே வாங்கி டின்னில் வைத்துவிட்டு வந்தேன்.