காப்புரிமையா, டிசைன் பதிவா, தொழில் ரகசியமா?

கோவைப் பட்டறை ஒன்று புதிய டில்டிங் கிரைண்டர் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று விஷயங்கள் புதிது: டிரம்மைச் சாய்த்ததும் தானாக விழும் லாக், தூரத்திலேயே அடையாளம் தெரியும் உடல் வடிவம், சீக்கிரம் தேயாத ரப்பர் சீலுக்கான கலவை. ‘மொத்தமா ஒரு பேட்டன்ட் போட்டுடலாம்’ என்ற பேச்சுதான் முதலில் எழும். பணம் வீணாவதும் அங்கேதான். போட்டியாளர் கடையில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

லாக், பிரித்தால் தெரிந்துவிடும். அது வேலை செய்யும் விதத்தைக் காக்கக் காப்புரிமைதான் (பேட்டன்ட்) வழி. சிறு கண்டுபிடிப்புகளுக்கென்று சில நாடுகளில் உள்ள குறுகிய கால உரிமை இந்தியாவில் இல்லை. ஆனால் தெரிந்த பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியே செய்தால், 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவில் அடிபட்டுவிடும். கிரைண்டரில் கடிகாரம் பொருத்துவது இந்த ரகம். சாயும் டிரம்மின் எடையே லாக்கை இயக்குகிறது என்றால் வாதாட இடமுண்டு.

செலவு பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. தனிநபருக்கும், உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றுடன் படிவம் 28 இணைக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். 30 பக்கம், 10 கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்) தாண்டினால் கூடுதல். வழக்கறிஞர் அல்லது ஏஜென்ட் கட்டணம் தனி. பெரிய தொகை அதுதான். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்பு: முதலில் ஆண்டுக்கு 800 ரூபாய், கடைசி ஐந்து ஆண்டுகளில் 8,000. முழு 20 ஆண்டும் தாங்கிப் பிடித்தால் இன்றைய கட்டணத்தில் 76,800 ரூபாய். விற்காத பொருளுக்கு அதைக் கட்ட வேண்டியதில்லை, நடுவில் விட்டுவிடலாம்.

தற்காலிக விவரணம் (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) கொடுத்துவிட்டு 12 மாதத்தில் முழு விவரணம் கொடுப்பது நல்ல வசதி. ஆனால் அரைப் பக்கத்தில் ‘சாய்க்கும் லாக்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் முழு விவரணத்தில் சேர்த்தால், தற்காலிக விவரணம் கொடுத்த அந்த முதல் தேதி அவற்றுக்குக் கிடைக்காது. இடைப்பட்ட காலத்தில் பொருளைக் கண்காட்சியில் வைத்திருந்தால் கதை முடிந்தது, அவை இனி புதிதல்ல. அரசு அறிவிப்பு பெற்ற கண்காட்சிக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. சாதாரண வர்த்தகக் கண்காட்சிக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோவுக்கும் அது பொருந்தாது. இன்னொரு கண்ணி: இப்போதைய விதிப்படி, முதல் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் பரிசோதனை கோராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகவே கருதப்படும்.

டிசைன் பதிவு இதைவிட எளிது, சிறு பட்டறைக்குப் பெரும்பாலும் முதலில் பலன் தருவதும் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. சிறு நிறுவனத்துக்கு 1,000 ரூபாய். 10 ஆண்டு, பிறகு ஒரே முறை 5 ஆண்டு நீட்டிப்பு. கண்ணுக்குத் தெரியும் உருவம் மட்டுமே இதில் அடங்கும். போட்டியாளர் லாக்கை அப்படியே எடுத்து வேறு உடலில் பொருத்தினால் டிசைன் கைகொடுக்காது. படங்களில் பிராண்டு பெயர் தெரிந்தால் அதற்கு உரிமை கோரவில்லை என்று எழுதித் தர வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் பல விண்ணப்பங்கள் ஆட்சேபத்தில் சிக்குகின்றன.

வழக்கு என்று வந்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. செல்லோவின் ‘ப்யூரோ’ பாட்டில் வடிவத்தைக் காப்பியடித்ததாகத் தொடுத்த வழக்கில், பம்பாய் உயர்நீதிமன்றம் 2017-ல் இடைக்காலத் தடை கொடுத்தது. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காப்புரிமைச் சண்டை அப்படியல்ல. இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-ல் தொடங்கிய மோதலில், சென்னை உயர்நீதிமன்றம் 2008-ல் டிவிஎஸ்ஸுக்கு விதித்த தடையை 2009-ல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வே நீக்கியது. கடைசியில் 2019-ல் சமரசம். இத்தனை ஆண்டு வழக்காடும் தெம்பு பட்டறைக்கு இருக்காது.

ரப்பர் கலவை மூன்றாவது ரகம். முடிந்த சீலைப் பார்த்து அளவுகளையும் வேகவைக்கும் நேரத்தையும் கண்டுபிடிப்பது கடினம். அதனால் ரகசியமாகவே வைப்பது மேல்: கட்டணமில்லை, காலக்கெடு இல்லை. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தம்தான் கவசம். ‘வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது’ என்ற ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவின்படி செல்லாது. ‘கலவையை வெளியே சொல்லக் கூடாது’ என்பதை எழுதி வாங்கலாம். டப்பாக்களில் வேதிப்பொருள் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். கலப்பவரும் வேகவைப்பவரும் ஒரே ஆளாக வேண்டாம். யாராவது சொந்தமாக ஆய்வு செய்து கண்டுபிடித்துவிட்டால் தடுக்க வழியில்லை.

உரிமம் கொடுத்து ராயல்டி வாங்கும் எண்ணமிருந்தால் காப்புரிமையும் டிசைனும் வசதி. ரகசியத்தை விற்க, முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். காப்புரிமை உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ‘மற்ற பாகங்களையும் என்னிடமே வாங்கு’ என்று கட்டாயப்படுத்தும் ஷரத்து காப்புரிமைச் சட்டத்தின் 140-ம் பிரிவில் செல்லாது.

மூன்றையும் சேர்த்துச் செய்யும்போது வரிசை முக்கியம். டிசைன் பதிவானதும் படங்கள் வெளியாகிவிடும். லாக் வெளியில் தெரிந்தால், அதற்கான விண்ணப்பம் அதே நாளில் அல்லது முந்தியே போயிருக்க வேண்டும். காப்புரிமை விவரணத்தில் உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். லாக் சரியாக விழுவதே அந்த ரப்பரால்தான் என்றால் கலவையை மறைக்க முடியாது, மறைத்தால் பின்னாளில் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்பார்கள். லாக்கை ரப்பர் இல்லாமலே இயங்கும்படி வடிவமைக்க முடியுமா என்பதை விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.