சிகாகோவில் 'உள்ளே நுழைவு' டிக்கெட்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிகாகோவின் பழைய கட்டடங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். "கட்டடக்கலை நடை + படகு, வரலாற்றுக் கட்டடங்களுக்குள் நுழைவு உட்பட" என்று ஒரு காம்போ டிக்கெட் இணையத்தில் வெவ்வேறு பெயர்களில் விற்கிறது. நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் ஆளுக்கு 89 டாலர் விலை பார்த்து வாங்கினோம். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று ஒன்று முளைத்து, இருவருக்கும் சேர்த்து 196 டாலர் ஆயிற்று. அந்தப் பணத்துக்கு உருப்படியாக நாங்கள் பார்த்தது ஒரே ஒரு இடம். அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது.

நண்பன் மில்வாக்கியில் வேலை பார்க்கிறான். தங்குவதற்கு அவன் வீடு, சிகாகோவுக்கு ஒன்றரை மணி நேர ரயில். சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போகிற ரகம் நாங்கள். 196 டாலர் எங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்பது இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்குப் புரியும்.

விளம்பரத்தின் முதல் படமே ரூக்கரி கட்டடத்தின் லாபி. தெரியாதவர்களுக்கு: 1888இல் பர்னம், ரூட் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் கட்டியது. 1871 தீ விபத்தில் நகரின் நடுப்பகுதி சாம்பலான பிறகு எழுந்த தலைமுறைக் கட்டடங்களில் இன்றும் நிற்கிற மிகச் சிலவற்றில் ஒன்று. சிகாகோவின் மண் கொழகொழவென்ற களிமண். அதில் கனமான கட்டடம் நிற்க வேண்டும் என்பதற்காக, இரும்புத் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட்டில் புதைத்து, மிதவை மாதிரி ஒரு அஸ்திவாரம் போட்டார் ஜான் ரூட். பிறகு 1905இல் ஃபிராங்க் லாய்டு ரைட் என்ற புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் உள்ளே லாபியை மட்டும் மாற்றி அமைத்தார். வெளிச்சுவர் ரூட்டுடையது, உள்ளே வெள்ளைப் பளிங்கு ரைட்டுடையது. இரண்டு பேர் கையும் ஒரே இடத்தில் தெரிகிற இடம் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் அங்கே போக ஏங்குகிறோம். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் கொடுத்திருந்தார்கள். எந்த நாளை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று காலண்டர் முழுக்கப் பச்சையாகவே இருந்தது.

ஞாயிறு காலை லசால் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். அது வங்கிகளும் அலுவலகங்களும் இருக்கிற தெரு. கைடு ஒரு இளைஞர், நன்றாகச் சிரித்துப் பேசினார். எங்களோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். ரூக்கரி வாசலில் நிறுத்தி, செதுக்கி வைத்திருக்கும் பறவைகளைக் காட்டினார், எல்லாரையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு "வாங்க, அடுத்த இடம் போகலாம்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வயதான அம்மா, உள்ளே எப்போது போகிறோம் என்று கேட்டார். "இன்றைக்குத் திறந்திருக்கவில்லை, கட்டட நிர்வாகம் சில நேரம் இப்படித்தான் செய்யும்" என்றார் கைடு.

நண்பன் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "டேய், இன்னிக்கு மட்டும் இல்லடா. ஞாயித்துக்கிழமைன்னாலே மூடிதான் இருக்குமாம். உள்ள செக்யூரிட்டிகிட்ட சைகையில கேட்டேன், அவன் விரல மடக்கித் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் எண்ணிக் காட்டுறான்." கட்டடம் அன்றைக்குத் திடீரென்று மூடப்படவில்லை. மூடியிருக்கும் நாளுக்கு 'உள்ளே நுழைவு' டிக்கெட் விற்றிருக்கிறார்கள்.

அடுத்து மொனாட்நாக். இதன் எதிர் நடைபாதையில் நின்று இரண்டு நிமிடம் பேசினார். "பழைய ஆபீஸ் பில்டிங், ரொம்ப உறுதியானது" என்பதோடு சரி. என் வயிற்றெரிச்சலை இங்கே கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். அந்தக் கட்டடத்தின் வடக்குப் பாதி 1891இல் முடிந்தது. 16 மாடி, எடையைத் தாங்குவது செங்கல் சுவர். அதனால் தரை மட்டத்தில் சுவரின் கனம் ஆறு அடி. தெற்குப் பாதி 1893இல் வேறொரு நிறுவனம் கட்டியது. அங்கே பாரத்தைச் சுமப்பது இரும்புச் சட்டகம், சுவர் வெறும் போர்வை. இரண்டே வருட இடைவெளியில் உலகக் கட்டடக்கலை எங்கிருந்து எங்கே தாவியது என்பதை ஒரே கட்டடத்தைச் சுற்றி நடந்தால் கண்ணால் பார்க்கலாம். வடக்குப் பக்கம் ஜன்னல் விளிம்பில் நின்றால் சுவரின் ஆழம் தெரியும். தெற்கே வந்தால் அந்த ஆழம் இருக்காது. கட்டடக்கலை நடை என்று பெயர் வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்னொன்று. தூரத்தில் தெரிந்த வில்லிஸ் டவரைக் காட்டி, அது மீஸ் வான் டெர் ரோ என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது என்றார். இல்லை. பழைய சியர்ஸ் டவரான அதன் பின்னால் இருந்த பொறியாளர், டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டி, வெவ்வேறு உயரத்தில் நிறுத்தி, 110 மாடியைக் காற்றைத் தாங்கி நிற்க வைத்தவர். நம் பக்கத்து ஊர்க்காரர் சாதனையை வேறொருவர் கணக்கில் எழுதுவதைச் சும்மா கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சொன்னேன். "ஓ, இன்ட்ரஸ்டிங்" என்றார்.

எங்களை உண்மையிலேயே உள்ளே அழைத்துப்போன ஒரே இடம் சிகாகோ கலாச்சார மையம். 1897இல் நூலகமாகக் கட்டியது. மாடியில் டிஃபானி நிறுவனத்தின் கண்ணாடிக் குவிமாடம், 38 அடி விட்டம். அண்ணாந்து பார்த்தால் மீன் செதில் போல அடுக்கடுக்காகக் கண்ணாடி. படிக்கட்டுச் சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்கில் முத்துச்சிப்பியும் வண்ணக் கண்ணாடியும் பதித்த மொசைக். கோபத்தில் இருந்தபோதும் கண் கலங்கியது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது நகராட்சியின் கட்டடம். ஞாயிறும் திறந்திருக்கும், யாரும் போகலாம், ஒரு சென்ட் வாங்க மாட்டார்கள். 'நுழைவு உட்பட' என்ற வார்த்தையைக் காப்பாற்ற இந்த ஓர் இடத்தை வைத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் கைடு டிப்ஸ் பற்றிப் பேசினார். இருபது சதவீதம் வழக்கமாம்.

மதியம் படகு. சிகாகோ கட்டடக்கலைப் படகு என்றால் அது ஆற்றில் போக வேண்டும். மரினா சிட்டியின் சோளக்கதிர்க் கோபுரங்கள், 333 வெஸ்ட் வாக்கரின் வளைந்த பச்சைக் கண்ணாடி, மெர்ச்சண்டைஸ் மார்ட், ரிக்லி கட்டடத்தின் வெள்ளை டெரகோட்டா எல்லாம் ஆற்றின் இரு கரையிலும் நிற்கின்றன. எங்கள் டிக்கெட்டில் இருந்த முகவரிக்குப் போனால் அது ஏரிக்கரைத் துறை. படகு மிச்சிகன் ஏரிக்குள் போயிற்று, முக்கால் மணி நேரம் சுற்றியது, திரும்பி வந்தது. ஆற்றுக்குள் நுழையவே இல்லை. விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல், பாதி நேரம் இசை. ஏரியிலிருந்து பார்க்கிற நகரக் காட்சி அழகுதான், ஹான்காக் கோபுரத்தின் எக்ஸ் வடிவச் சட்டங்கள்கூடத் தெரிகின்றன. ஆனால் விற்றது அதை அல்லவே.

துறையில் இருந்த கவுன்டரில் கேட்டோம். "நாங்கள் படகு மட்டும்தான் ஓட்டுகிறோம். உங்களுக்கு யார் விற்றார்களோ அவர்களிடம் கேளுங்கள்" என்றார் அங்கிருந்த பெண். நியாயமான பதில். விற்றவர்களுக்கு மின்னஞ்சல் போட்டால், பாதையும் இடங்களும் முன்னறிவிப்பின்றி மாறலாம், சேவை வழங்கப்பட்டுவிட்டது, ரீஃபண்ட் இல்லை என்று பதில். கைடு ஒரு கம்பெனி ஆள், படகு இன்னொரு கம்பெனி, விற்றது மூன்றாவது. யார் சட்டையைப் பிடிப்பது?

மறுநாள் திங்கட்கிழமை ரூக்கரிக்குத் தனியாகப் போனேன். கதவைத் தள்ளினேன், திறந்தது. செக்யூரிட்டி தலையாட்டினார், "கீழ்த்தளம் பாருங்கள், படிக்கட்டில் மட்டும் ஏறாதீர்கள்" என்றார், அவ்வளவுதான். கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் நேராகப் பளிங்கில் இறங்குகிறது. பளிங்கில் தங்கக் கோடுகளாகக் கொத்திய வடிவங்கள். ஒரு தூணில் மட்டும் ரைட் போட்ட பளிங்கைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே ரூட் காலத்து இரும்பு வேலைப்பாட்டைத் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அந்தத் தூணைத் தேடிப் பாருங்கள். இலவசம். மேல்மாடிப் படிக்கட்டுகளையும் பார்க்க வேண்டுமென்றால்தான் வாரநாட்களில் நடக்கும் முறையான டூர் எடுக்க வேண்டும்.

இப்படி வாரநாளில் சும்மா நுழைந்து பார்க்கக்கூடிய லாபிகள் அந்த வட்டாரத்திலேயே நிறைய. மார்கெட் (Marquette) பில்டிங்கில் மொசைக் சித்திரங்கள் இருக்கின்றன. பழைய கார்சன் கடையின் மூலை வாசலில் லூயிஸ் சல்லிவன் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த வார்ப்பிரும்புக் கொடிகளை நடைபாதையில் நின்றே தொட்டுப் பார்க்கலாம். உள்ளே இப்போது டார்கெட் கடை. இப்படிச் சும்மா நுழையக்கூடிய லாபிக்கு டிக்கெட்டே தேவையில்லை. விலைப்பட்டியலில் ஒரு கட்டடத்தின் பெயரோடு 'நுழைவு' என்று போட்டிருந்தால், அந்தக் கட்டடத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

காசு கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு, அங்கே நேரடியாகக் கொடுங்கள். ஆற்றுப் படகுக்குச் சிகாகோ கட்டடக்கலை மையம் இருக்கிறது, கிழக்கு வாக்கர் சாலையில். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே வருகிறார்கள். மலிவு இல்லை, ஆனால் சொன்னதைத் தருகிறார்கள். அதற்கும் பணம் இல்லையா? கோடைக் காலத்தில் ஓடும் வாட்டர் டாக்ஸியில் ஏறிக்கொள்ளுங்கள். விளக்கம் இருக்காது, ஆறு அதே ஆறுதான். ரைட் வடிவமைத்த ராபி ஹவுஸ் என்ற வீட்டுக்கான டிக்கெட்டை ஃபிராங்க் லாய்டு ரைட் டிரஸ்ட்டின் தளத்தில் வாங்குங்கள். தேதியை மாற்றிக்கொள்ள முடியுமானால் அக்டோபரில் போங்கள். அந்த மாதம் ஒரு வார இறுதியில் 'ஓப்பன் ஹவுஸ் சிகாகோ' நடக்கும், சாதாரணமாக உள்ளே விடாத கட்டடங்களைக்கூட இலவசமாகத் திறந்து காட்டுவார்கள். பழைய பயணக் குறிப்புகளையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹான்காக் கோபுரத்தின் மேலே பாரில் ஒரு பானம் வாங்கினால் பார்வை மேடைக் கட்டணம் மிச்சம் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். சிக்னேச்சர் ரூம் என்ற அந்த இடம் 2023 செப்டம்பரிலேயே மூடியாகிவிட்டது.

நியூயார்க்கில் இதைவிட மோசம். பேட்டரி பூங்காவில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் சுதந்திர தேவி சிலைக்கு என்று சொல்லி, சிலைத் தீவில் நிற்காத படகுக்கு டிக்கெட் விற்பார்கள். இலவசமாக ஓடும் ஸ்டேட்டன் தீவுப் படகுக்குக்கூட டிக்கெட் விற்றவர்கள் உண்டு.

கட்டணம் கடைசிப் பக்கத்தில் ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. ஹோட்டல் அறைக்கும் நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே முதல் அமெரிக்க மத்திய விதி இருக்கிறது. சுற்றுலா டூர்கள் அதில் வராது. அதனால் டூர் தளங்களில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்த பிறகே விலையை ஒப்பிடுங்கள். ஹோட்டலிலும் வரி தனி, சிகாகோவில் அது 17 சதவீதத்தைத் தாண்டும்.

பணம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். நாங்கள் கட்டியது நண்பனின் அமெரிக்கக் கிரெடிட் கார்டில். அங்கே, ஒப்புக்கொண்டபடி சேவை தரப்படவில்லை என்றால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பூட்டிய கதவின் முன் எடுத்த போட்டோ, கட்டடத்தின் இணையதளத்தில் போட்டிருக்கும் நேர விவரம், விற்றவர்களின் மின்னஞ்சல் பதில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினான். டூர் முடிந்தவுடன் இந்தப் பக்கங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள், பிறகு வார்த்தைகளை மாற்றிவிடுவார்கள். எங்கள் விஷயத்தில் மாற்றினார்கள்: 'நுழைவு உட்பட' என்பது இப்போது 'சூழ்நிலையைப் பொறுத்து நுழைவு' ஆகியிருக்கிறது. ரூக்கரி படம் அப்படியே இருக்கிறது.

நடைக்கான பங்கை வங்கி திருப்பித் தந்துவிட்டது. படகுக்கான பங்குக்கு மறுத்துவிட்டார்கள், ஏறிப் பயணம் செய்தீர்கள் அல்லவா என்று காரணம். அதற்கு இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் ஆன்லைன் புகார் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ கட்டியிருந்தால் இந்தப் பாதி பணம்கூட இவ்வளவு சுலபமாக வந்திருக்காது என்று நண்பன் சொல்கிறான். இந்தியக் கார்டில் இப்படி டிஸ்ப்யூட் போட்டுப் பணம் வாங்கியவர்கள் இருந்தால், எத்தனை நாள் ஆயிற்று, என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.