‘ஒரிஜினல்’ இரும்பு வீல் என்று வாங்கி ஏமாந்தேன்: பெயின்ட்டுக்கு அடியில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பழைய மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களும், வாங்கும் யோசனையில் இருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். 380 யூரோ போனது பெரிதில்லை என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய், பெரிதுதான். ஆனால் அதைவிட, அந்த வீல்களைப் போட்டுக்கொண்டு ஜெர்மன் அதிவேகச் சாலையான ஆட்டோபானில் நூறில் போனேனே, அதை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

என் வண்டி 1979-ஆம் வருட 240 டி. டபிள்யூ 123 வகை, 72 குதிரைத்திறன், அவசரமே தெரியாத டீசல். நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். வண்டி பிறந்த சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலை இங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஜெர்மனியில் முப்பது வருடம் தாண்டிய வண்டி பெரும்பாலும் அசல் நிலையில் இருந்தால் நம்பர் பிளேட்டின் கடைசியில் ‘ஹெச்’ எழுத்து கிடைக்கும். கிடைத்தால் ஆண்டு வரி 191.73 யூரோவோடு முடிந்தது. கிடைக்காவிட்டால் இந்தப் பழைய டீசலுக்கு 900 யூரோ அளவில் கட்ட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம் உள்ள நகரங்களுக்குள் போகவும் தடை. ஆக, எனக்கு அந்த எழுத்து வேண்டும்.

சோதனை செய்தவர் வண்டியைச் சுற்றி வந்து, முன்பு வைத்திருந்தவர் மாட்டிய புதுப்பாணி அலாய் வீலைக் காலால் லேசாகத் தட்டினார். “இது ஆகாது. இரும்பு வீலோடு வாருங்கள்.” மூன்று வாரம் கழித்து மறு சோதனை. அவசரம் அங்கேதான் தொடங்கியது.

விளம்பரம் இரண்டாம் நாளே கண்ணில் பட்டது. டபிள்யூ 123 அசல் இரும்பு வீல், ஐந்து, மணல் அடித்துச் சுத்தம் செய்து புதிதாக பவுடர் கோட்டிங் போட்டது, வீல் கப்பும் உண்டு, 380 யூரோ. படத்தில் ஒரு வீல், அதில் அச்சு தெளிவாக: 5½ ஜே × 14, ஈ.டி. 30 (அகலம் 5½ அங்குலம், விட்டம் 14 அங்குலம்; ஈ.டி. என்னவென்று பின்னால் சொல்கிறேன்). என் வண்டிக்கு வேண்டியது அதேதான். சோலிங்கன் க்ரோன்பிரின்ஸ் கம்பெனியின் ‘கேபிஇசட்’ முத்திரையும் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வீலின் படத்தைப் பார்த்து ஐந்துக்கும் பணம் கொடுக்கப்போகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அப்பாவின் கராஜைக் காலி செய்கிறோம், வீட்டுக்கு வர வேண்டாம், நெடுஞ்சாலையோர பார்க்கிங்கில் சந்திப்போம் என்றார் விற்றவர். சாயங்காலம் ஏழு மணி, தூறல். வேனின் பின்கதவைத் திறந்தார். ஐந்தும் வெள்ளி நிறத்தில் பளபளவென்று அடுக்கியிருந்தன, மேலே இருந்தது படத்தில் பார்த்த வீல். அதை மட்டும் தூக்கிப் பார்த்தேன். ரொக்கம் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை. அவருடைய பெயர்கூடச் சரியாகத் தெரியாது. (வீட்டில் இந்த இடம் வரும்போதெல்லாம் மனைவி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள். நியாயம்தான்.)

டயர் மாட்டிக் கொடுத்தவர் முதல் எச்சரிக்கையைக் கொடுத்தார். ஒரு வீல் பேலன்சிங் மெஷினில் முட்டை உருள்வதுபோல ஆடியது. எடைக் கட்டியை ஒட்டிக்கொண்டே போனார், அப்புறம் நிமிர்ந்து, “இதை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். சரி, பழைய வீல், ஒன்று வளைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மற்ற நான்கையும் வண்டியில் மாட்டினேன். வீல் கப்புகளை வண்டியின் நிறத்திலேயே அடிக்க பெயின்டரிடம் கொடுத்திருந்ததால் வீல்கள் மொட்டையாகத்தான் இருந்தன.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினேன். 110 நியூட்டன் மீட்டரில் முடுக்கியவை கால் சுற்று சுலபமாகத் திரும்பின. போல்ட் உட்காரும் குழியிலும் பவுடரைத் தடிமனாக அப்பியிருந்தார்கள். அது நசுங்க நசுங்க போல்ட் தளர்ந்திருக்கிறது. அந்தக் குழியையும், ஹப்பில் (வண்டியில் வீலைத் தாங்கும் நடுப்பகுதி) படியும் முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை இது. இரண்டாவது எச்சரிக்கை. அதையும் முடுக்கி மூடிவிட்டேன்.

மூன்றாவது, பிரேக். அழுத்தினால் வண்டி இடப்பக்கம் மெல்ல ஒதுங்கியது. கேலிப்பர் (பிரேக்கின் கவ்வி) சிக்கியிருக்கிறது என்று நினைத்து, அதைக் கழற்றிப் பார்த்து ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன்.

விடை சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற மெக்கானிக். நாய்க்குட்டியோடு போனவர் வண்டியின் பின்னால் நின்றுவிட்டார்.

“இங்கே வந்து நின்று பாருங்கள். இடது டயர் எங்கே, வலது டயர் எங்கே?”

பார்த்தேன். வலது டயர் ஃபெண்டர் (மட்கார்டு) விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடது டயர் இரண்டு விரல் உள்வாங்கி, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. முன்பக்கம் போனோம், அங்கே வலது வீல் அதேபோல.

அன்றிரவே அந்த இரண்டையும் கழற்றி பெயின்ட் ரிமூவர் தடவினேன். பவுடர் கோட்டிங் லேசில் வரவில்லை. தோல் மாதிரி சுருண்டு, கீழே பழுப்பாக பட்டி. அச்சு இருந்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து மட்டமாக்கியிருக்கிறார்கள். ஊசியால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளறினேன். 5 ஜே × 14. ஈ.டி. 50. தேதி 1986.

என் வண்டிக்கு ஏழு வருடம் இளைய வீல். 190 மாடலுக்கு, அதாவது 1982 கடைசியில் வந்த சின்ன மெர்சிடிஸுக்குப் போட்டது. விஷயம் என்னவென்றால் அது டபிள்யூ 123-இல் அழகாக உட்காரும். இரண்டிலும் ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளையும் ஒன்றே, 14 அங்குலமும் ஒன்றே. அதே போல்ட்டும் பிடிக்கும். வித்தியாசம் ஈ.டி. எண்ணில்தான்: வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது. 30-க்குப் பதில் 50 என்றால் வீல் முழுதுமாக 20 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். அகலமும் அரை அங்குலம் குறைவு, அதனால் வெளிவிளிம்பு 26 மில்லிமீட்டர் உள்வாங்கும். பெரியவர் கண்ணில் பட்ட இரண்டு விரல் அதுதான்.

பிரேக் இழுத்ததற்கும் காரணம் அதுவே என்றார். இந்த வண்டியின் முன்சக்கரம் ஸ்டீயரிங்கில் திரும்பும் அச்சுக்கோட்டைத் தரை வரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவில் விழும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பிரேக் போட்டால் எந்தப் பக்கமும் திருகக் கூடாது என்பதற்காக. நான் ஒரு பக்கம் மட்டும் அந்த நடுவை 20 மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு, கேலிப்பரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்பேரில் வைத்த ஐந்தாவது இன்னும் மோசம். சுரண்டியதும், வீலின் நடுத்தட்டும் வெளி வளையமும் சேரும் இடத்தில் கைநீளத்துக்கு வெல்டிங் வைத்து, கிரைண்டரால் வழித்து, மேலே பட்டி பூசியது தெரிந்தது. தொழிற்சாலை வெல்டிங் அல்ல. விரிசல் விட்ட வீலை ஒட்டவைத்து விற்றிருக்கிறார்கள். டயர்காரர் சொன்னதைக் கேட்காமல் அதை முன்னால் மாட்டியிருந்தால்?

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். “தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை” என்று ஒரு வரி பதில், பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். விளம்பரமும் காணாமல் போனது. நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கவில்லை. சட்டம் அவர் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். குறையை வேண்டுமென்றே மறைத்தவர் ‘உத்தரவாதம் இல்லை’ என்ற வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது, ஜெர்மன் சிவில் சட்டம் 444-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பட்டி பூசி எண்ணை மறைத்ததற்கு வேறென்ன பெயர்? ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது? பெயர் இல்லை, ரசீது இல்லை. வக்கீலிடம் முதல் ஆலோசனைக்கே 190 யூரோ வரை கேட்கலாம். ஆன்லைனில் போலீஸ் புகார் பதிவு செய்தேன், கோப்பு எண் வந்தது. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐந்து வீல் என்றால் ஐந்தின் அச்சையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவு, ஈ.டி., தேதி மூன்றும் தெரிய வேண்டும். புதுப் பெயின்ட்டைவிடத் துருப்பிடித்ததே மேல், துரு ஒளித்துவைக்காது. நேரில் போனால் பகலில் போங்கள், உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், விரலால் தடவிப் பாருங்கள்.

எனக்குக் கிடைத்த இரண்டு நல்ல வீலோடு இன்னும் மூன்றை ஒரு பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிச் சேர்த்தேன். துருப்பிடித்தவை, ஒன்று 25 யூரோ. மறு சோதனையில் ஹெச் கிடைத்துவிட்டது. விரிசல் வீல் இப்போது கராஜ் சுவரில், தோட்டத்துக் குழாயைச் சுற்றிவைக்க. 190 மாடலின் இரண்டு வீல்களையும் உள்ளது உள்ளபடி எழுதி, பட்டி கிளறிய படங்களோடு, ஜோடி 20 யூரோவுக்குப் போட்டேன். 190 வைத்திருக்கும் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை, முதல் வேலையாக வீலைத் திருப்பிப் போட்டு, கட்டைவிரலில் எச்சில் தொட்டு அந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தான்.