1,499 ராண்ட் போச்சு: கர்ப்ப கால எடை ஆப்புக்குக் காசு கட்டுமுன் இதைப் பாருங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கிற தமிழ்ப் பெண்களுக்கு அவசரமா எழுதுறேன். ஆப் பேரைச் சொல்லலை. கர்ப்ப காலத்துல அளவா எடை கூட வழிகாட்டுறோம்னு, வெள்ளைக் கோட்டு போட்ட "தமிழ் உணவியல் நிபுணர்" படத்தோட விளம்பரம் வர்ற வகை. தங்கச்சி கார்டுல இருந்து போனது 1,499 ராண்ட்.

ஏமாந்தது எங்கேன்னா, வாட்ஸப்ல வந்த ஒரு குரல் பதிவுல. "வணக்கம்மா, எத்தனாவது வாரம்? மசக்கை விட்டுச்சா?" டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைஞ்ச சாட்ஸ்வொர்த்ல இன்னைக்கு யாரு இப்படித் தமிழ்ல கேட்கிறாங்க? அந்த ஒரு வார்த்தைக்கே மனசு இளகிடுச்சு. பின்னாடியே பணம் கட்டற லிங்க். மாசம் 125 ராண்டுக்கும் குறைவுன்னு கொட்டை எழுத்துல. வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே பிடிப்போம்ங்கிறது அடியில, சாம்பல் கலர்ல. 16 வாரம் முடிஞ்சவளுக்கு எதுக்குங்க வருஷச் சந்தா?

போகட்டும், கணக்காவது சரியா? ஆப் கேட்டது இப்போதைய எடை. கேட்டிருக்க வேண்டியது கர்ப்பத்துக்கு முந்தைய எடை. தங்கச்சி உயரம் 158 செ.மீ., அப்போ 61 கிலோ: பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டுற எண்) 24.4, சராசரி வகை. இப்போதைய 64 கிலோவைப் போட்டதும் 25.6 ஆகி, "அதிக எடை"ன்னு தள்ளிடுச்சு. அமெரிக்காவோட இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009ல வகுத்த அளவுப்படி, வயித்துல ஒரு பிள்ளைன்னா சராசரி வகைக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். அடுத்த வகைக்கு 7 முதல் 11.5 தான். நாலாம் மாசத்துக்கு மேல வாரம் 420 கிராம் கூடணும்னா, இது 280ன்னு கோடு போட்டுட்டு, 400 கூடினதுக்குச் சிவப்பு விளக்கு காட்டுது. அடுத்த நாளே 1,400 கலோரிச் சாப்பாட்டுப் பட்டியல்! நடு மூணு மாசத்துல வழக்கத்தை விட சுமார் 340 கலோரி கூடுதலாச் சாப்பிட வேண்டியவளுக்கு இளைக்கிற பத்தியம். அந்தப் பட்டியல்ல, எண்ணெய் தடவிச் சுட்ட நம்ம வீட்டு ரொட்டிக்கும் பாக்கெட் ரொட்டிக்கும் ஒரே கலோரி.

வயிறு எரிஞ்சது இதுக்கப்புறம்தான். வாரத்தை 30ன்னு மாத்தி, ஒரே வாரத்துல 2 கிலோ ஏறினதாப் போட்டுப் பார்த்தேன். "இனிப்பைக் குறைங்க"ங்குது. அப்படித் திடீர்னு ஏறினா அது நீர் கோத்ததா இருக்கலாம். கூடவே முக வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தா அன்னைக்கே கிளினிக் போய் ரத்த அழுத்தமும் சிறுநீர்ல புரதமும் பார்த்தாகணும். ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்துல ரத்த அழுத்தம் ஏறுற ஆபத்தான கோளாறு, இனிப்பைக் குறைச்சா போற சமாச்சாரம் இல்லை.

மூணாம் நாளே பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அதே படம், அதே நம்பர். தமிழ் மட்டும் காணோம். "ஹாய் டியர்"னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, நாலு தடவை "குழுவுக்கு அனுப்பியிருக்கோம்". அப்புறம், "இப்போதே தொடங்கு" பட்டனை அழுத்திட்டீங்க, அதனால 7 நாள் ரத்து உரிமை கிடையாதாம். தென்னாப்பிரிக்காவோட 2002 மின்வணிகச் சட்டம் அந்த 7 நாளைத் தருது. ஆனா நம்ம சம்மதத்தோட சேவை தொடங்கிட்டா கிடையாது. அந்த பட்டனை அங்க வெச்சதே அதுக்குத்தான். ப்ளே ஸ்டோர்ல கேட்டா, எங்க வழியாக் கட்டலையேன்னு கையை விரிச்சாங்க. பேங்க்ல புகார் எழுதிக் கொடுத்து, கார்டை முடக்கியாச்சு. 1,499 ராண்ட் இன்னும் வரலை.

கோவத்துல இவ்வளவுதான் சொல்ல வருது. முந்தைய எடையைக் கேட்காத ஆப்பைத் தொடாதீங்க. ஸ்டோருக்கு வெளியே வர்ற லிங்க்ல கார்டு நம்பர் போடாதீங்க. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது, தனியா ரத்து பண்ணணும். கிளினிக்ல தர்ற மகப்பேறு பதிவேட்டுல எழுதற எடைதான் கணக்கு. கர்ப்பிணிகளுக்கு போன்ல தகவல் அனுப்புற அரசாங்கத்தோட மாம்கனெக்ட் சேவை 2014ல இருந்தே இலவசம், *134*550# அடிச்சா பதிவாகும். அதுல தமிழ் இல்லை, மசக்கை விட்டுச்சான்னும் கேட்காது. கார்டு நம்பரும் கேட்காது.